முகம் வெளுப்பதில் தவறில்லை: ஸ்டோயிக் தத்துவத்தோடு ஏழு ஆண்டுகள்

பண்டைய கிரேக்கத்தில் தோன்றிய ஸ்டோயிக் தத்துவத்தின் ஆசிரியர்களில் ஒருவரான எபிக்டீடஸின் கையேட்டை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வயது 36. வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் 11 ஆண்டுகள் பணிபுரிந்த நிறுவனம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை கால் மணி நேர இணையவழிச் சந்திப்பில் என்னையும் என் குழுவில் பாதிப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தூக்கம் பிடிக்காத ஓர் இரவில், நண்பர் ஒருவர் எப்போதோ அனுப்பிவைத்து நான் திறந்தே பார்க்காமல் இருந்த அந்தச் சிறு நூலைக் கைப்பேசியில் திறந்தேன். மொத்தம் 53 சிறு பகுதிகள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நான் முதல் பகுதியிலேயே நின்றுவிட்டேன். உலகில் சில நம் வசத்தில் உள்ளன, சில இல்லை என்று அது தொடங்குகிறது. நம் கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் வசம். உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகியவை நம் வசமல்ல. அந்தப் பட்டியலில் ‘பதவி’ இருப்பதைக் கண்டதும், என்னைத் தெரிந்த யாரோ எனக்காகவே எழுதிவைத்ததுபோல் இருந்தது.

சொன்னவரின் வரலாறும் என்னைப் பிடித்துக்கொண்டது. கி.பி. 50 வாக்கில், இன்று துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில் பிறந்தவர் எபிக்டீடஸ். ரோமில் நீரோ மன்னனின் செயலராக இருந்தவனிடம் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமானவர். விடுதலை பெற்று ஆசிரியரான பிறகும் அவரை நிம்மதியாக விடவில்லை. டொமீஷியன் மன்னன் தத்துவவாதிகளை நாடு கடத்தியபோது, கிரேக்கத்தின் நிகோபோலிஸுக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். தம் கையால் அவர் எதையும் எழுதி வெளியிடவில்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்த பாடக்குறிப்புகளே நமக்குக் கிடைத்தவை. அவற்றிலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டதுதான் அந்தக் கையேடு. உடல்கூடத் தன் வசம் இல்லாத நிலையில் வாழ்ந்த ஒருவர் இதைச் சொல்லும்போது, சாய்வு நாற்காலியில் இருந்து வரும் உபதேசம் என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். நம் வசத்தில் இல்லாதவற்றின் மீது நம் நிம்மதியைக் கட்டாதே என்று அவர் சொன்னதை, எதையும் உணராதே என்று மாற்றிக்கொண்டேன். வேலையைப் பற்றி யாராவது ஆறுதலாகக் கேட்டால், ‘அது என் கையில் இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிடுவேன். கேட்டவர்கள் வியந்தார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ‘ஸ்டோயிக்’ என்ற சொல்லுக்கு இன்றைய பேச்சில் கல்லைப்போல் நிற்பவன் என்ற பொருள் ஏறிவிட்டதால், கல்லாவதுதான் பயிற்சி என்று நினைத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அப்பா இறந்தார். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்றிருந்த என்னிடம் செய்தியைச் சொன்னபோது, கையெழுத்திட வேண்டிய படிவங்கள் எங்கே என்று கேட்டேன். அன்றும் அடுத்த நாள்களிலும் எல்லா வேலைகளையும் நானே ஓடியாடிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நான்காம் நாள் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, உனக்கு ஒண்ணுமே ஆகலையா?” என்று கேட்டாள். மரணம் இயற்கை, அதில் துன்பம் என்பது நம் தீர்ப்பு என்று அவளுக்குக் கையேட்டின் ஐந்தாம் பகுதியை விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் பல வாரங்கள் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. அதுவும் என் வசத்தில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மேலும் நான்கு மாதம் கழித்து, பழைய ரசீது ஒன்றைத் தேடி அலமாரியைக் கிளறும்போது அப்பாவின் கண்ணாடிக் கூடு கைக்கு வந்தது. உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடி. இடப்பக்கக் காம்பு உடைந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லிச் சொல்லி வாங்காமலே விட்டது. வலப்பக்க வில்லையின் கீழ் மூலையில் ஒரு பெருவிரல் ரேகை மங்கலாக இருந்தது. என் கைகள் நடுங்கத் தொடங்கின. கூட்டை மூடக்கூட முடியாமல் தரையில் உட்கார்ந்தவன், எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஓராண்டுப் பயிற்சி வீண், நான் தோற்றுவிட்டேன் என்பதுதான் அழுகை ஓய்ந்தபின் எனக்கு வந்த முதல் எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு கப்பல் கதை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ், தாம் நேரில் கண்டதாக அதைப் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கக் கரையிலிருந்து இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் அவரோடு ஏதென்ஸின் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் பயணம் செய்தார். இரவில் கடும்புயல், எல்லோரும் அலறினார்கள். ஆசிரியர் அலறவில்லை, ஆனால் அவர் முகம் மற்றவர்களுடையதைப் போலவே வெளுத்திருந்தது. கடல் அடங்கியதும் பணக்காரப் பயணி ஒருவன், தத்துவவாதிக்கும் பயமா என்று அவரைச் சீண்டினான். அவனைப் பதிலடி கொடுத்து அனுப்பிவிட்டார். பின்னர் கெல்லியஸ் தனியே மரியாதையோடு கேட்டபோது, பையிலிருந்து எபிக்டீடஸின் உரைகளில் ஐந்தாம் தொகுதியை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தொகுதி இன்று இல்லை. நான்கு தொகுதிகளே எஞ்சியுள்ளன. கெல்லியஸ் எடுத்துச் சொன்னதால் அந்தப் பகுதி மட்டும் தப்பியது.

அதன் சாரம் இது. பேரொலியோ திடீர் ஆபத்தோ கெட்ட செய்தியோ வந்து மோதும்போது, ஞானியின் மனமும் ஒரு கணம் சுருங்கும், அவர் முகமும் வெளுக்கும். அது அறிவு விழித்துக்கொள்வதற்கு முன்பே நடந்துவிடும் அசைவு. அதை யாராலும் தடுக்க முடியாது. ஞானிக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு அடுத்த கணத்தில்தான் வருகிறது. மனத்தில் பதிந்த தோற்றம் ‘இது பெரும் கேடு’ என்று சொல்கிறது. மற்றவர் ‘ஆம்’ என்று அதற்கு ஒப்புதல் தருகிறார், ஞானி தருவதில்லை. தோற்றம் வேறு, ஒப்புதல் வேறு என்ற இந்தப் பிரிவினையே ஸ்டோயிக் உளவியலின் அச்சாணி. ஒப்புதல் மட்டுமே நம் வசம். நானோ ஓராண்டாக முகம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வதில் என் பலம் முழுவதையும் செலவழித்திருந்தேன். அதாவது, ஸ்டோயிக்குகளே நம் வசத்தில் இல்லை என்று ஒதுக்கிவைத்த ஒன்றோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதி செனெகாவும் கோபத்தைப் பற்றிய தம் நூலில் இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். மேலே குளிர்ந்த நீர் பட்டதும் உடல் சிலிர்ப்பது, உயரத்திலிருந்து எட்டிப் பார்த்ததும் தலை சுற்றுவது போன்றதுதான் முதல் அசைவு. அது குற்றமும் அல்ல, கோபமும் அல்ல. ‘எனக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டும்’ என்ற தீர்ப்பு சேர்வது இரண்டாவது அசைவு. அறிவையே மிதித்துக்கொண்டு ஓடுவது மூன்றாவது. துக்கத்திலும் அவர் கல்லாகச் சொல்லவில்லை. நண்பனை இழந்த லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில் கண்ணீருக்கு இடம் தருகிறார். தம் நண்பர் செரீனஸ் இறந்தபோது தாமே அளவு மீறி அழுததையும் ஒப்புக்கொள்கிறார். முதலில் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையேட்டுக்கு வந்திருந்தால் தங்கையிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. சுருக்க நூல்களில் இருக்கும் ஆபத்து இது: முடிவுகள் மட்டும் இருக்கும், அவற்றுக்கு இட்டுச்சென்ற வழி இருக்காது.

இந்தப் பிரிவினையை அன்றாடத்தில் எப்படிப் பிடிப்பது என்பதே அடுத்த சிக்கல். எனக்கு உதவியது ஒரு சாதாரண நோட்டு. மனம் கலங்கும்போது அதன் இடப்பக்கத்தில், அந்த இடத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுவேன்; வலப்பக்கத்தில், நானாகச் சேர்த்துக்கொண்டதை எழுதுவேன். புதிய வேலையில் சேர்ந்து 11 மாதம் ஆகியிருந்தபோது, ஒரு நாள் இரவு 9.40 மணிக்கு மேலாளரிடமிருந்து, ‘நாளை காலை 10 மணிக்குச் சற்றுப் பேச வேண்டும்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. அது புயலில் முகம் வெளுத்த கதை, அதை விட்டுவிட்டேன். நோட்டை எடுத்தேன். இடப்பக்கத்தில் இரண்டு வரிதான் தேறியது: மேலாளர் பேச அழைத்திருக்கிறார்; காரணம் எழுதவில்லை. வலப்பக்கம் நிரம்பி வழிந்தது: மறுபடியும் வேலை போகிறது, 11 ஆண்டுகளுக்கே மதிப்பில்லாதபோது 11 மாதத்துக்கு என்ன மதிப்பு, வீட்டுக் கடன், இந்த வயதில் இன்னொரு நேர்காணல், வீட்டில் எப்படிச் சொல்வது. இத்தனையையும் அந்த ஒற்றை வரிக்குள்ளிருந்து நான் எடுத்திருந்தேன். பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்புக்கூட வந்தது.

காலையில் போனால், புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி தர முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். ‘பயம் பொய், அதனால் பயப்படாதே’ என்பது இதிலிருந்து நான் எடுத்த பாடமல்ல. மறுநாள் உண்மையாகவே வேலை போயிருந்தாலும், அந்த இரவில் நோட்டின் இடப்பக்கம் அதே இரண்டு வரிகளாகத்தான் இருந்திருக்கும். நான் தூங்கியிருக்க வேண்டிய அளவும் அதேதான். ஸ்டோயிக் தத்துவத்தைப் பின்பற்றிய ரோமானியப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் தமக்குத்தாமே கிரேக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகளின் எட்டாம் தொகுதியில் இதையே சொல்கிறார். ஒருவன் உன்னைப் பழித்தான் என்று செய்தி வந்தது. உனக்குக் கேடு விளைந்தது என்று செய்தி வரவில்லை. குழந்தை நோயுற்றிருப்பதைப் பார்க்கிறேன். உயிருக்கு ஆபத்து என்பதைப் பார்க்கவில்லை. முதல் தோற்றங்களோடு நில், உள்ளிருந்து எதையும் கூட்டாதே என்கிறார். தம் பிள்ளைகளில் பலரைத் தம் கண்முன்னே இழந்த தந்தை இவர் என்பது தெரிந்தபின், குழந்தையைப் பற்றிய அந்த வரியை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதில்லை.

கோபத்துக்கு நோட்டு போதவில்லை. அது எழுதும்வரை காத்திருப்பதில்லை. கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்று செனெகா சொல்வதை அப்படியே சட்டமாக்கிக்கொண்டேன். கோபத்தில் எழுதும் எந்தச் செய்தியையும் பெறுநர் பெயரை நிரப்பாமல் எழுதுவது, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துப் படிப்பது. இதுவரை அப்படி எழுதியவற்றில் பத்தில் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. எழுதாமல் நேரில் பேசும்போது வரும் கோபத்துக்கு இன்னும் எனக்கு வழி பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூங்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பதும் செனெகாவிடமிருந்து எடுத்ததே. விளக்கை அணைத்ததும், தம் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் அளந்து பார்ப்பதாக எழுதுகிறார். நான் இதைத் தொடங்கிய முதல் இரண்டு மாதம் தினமும் என்னை நானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். தூக்கம் இன்னும் கெட்டதுதான் மிச்சம். பிறகுதான், அதே பத்தியில் நான் தாண்டிப்போன ஒரு வரி கண்ணில் பட்டது. தம் பிழையைக் கண்டபின், ‘இனி இப்படிச் செய்யாதே, இம்முறை உன்னை மன்னிக்கிறேன்’ என்று அவர் தமக்கே சொல்லிக்கொள்கிறார். அந்த மன்னிப்பு இல்லாவிட்டால் அது வெறும் தண்டனை. இப்போது வாரத்தில் மூன்று நாளாவது செய்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

வரக்கூடிய தொல்லையை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பயிற்சியைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எச்சரிக்கையோடு செய்ய வேண்டியது இது. பொதுக் குளியலிடத்துக்குப் போகுமுன் அங்கே தண்ணீர் தெறிப்பவர், இடிப்பவர், திட்டுபவர், திருடுபவர் எல்லாம் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள் என்கிறார் எபிக்டீடஸ். என்னைப் போல் இயல்பாகவே கவலைப்படும் ஆளுக்கு இது எரிகிற தீயில் எண்ணெய். குழந்தைக்கு ஏதாவது ஆனால், கண் போனால் என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒரு மாதம் அல்லாடினேன். பிறகு கவனித்தேன்: குளியலிட உதாரணம் தொல்லைகளின் பட்டியலோடு முடியவில்லை. ‘நான் குளிக்கவும் வேண்டும், என் மனநிலையைக் காத்துக்கொள்ளவும் வேண்டும்’ என்ற தீர்மானத்தில்தான் முடிகிறது. நான் படத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீர்மானத்தை விட்டிருந்தேன். இப்போது அன்றன்றைக்கு நடக்கக்கூடிய சிறு தொல்லைகளுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன். காலதாமதமாகும் கூட்டம், குறை சொல்லும் வாடிக்கையாளர், இவற்றில் நான் எப்படி நடந்துகொள்வேன் என்ற கேள்விக்கு ஒரு வரி விடை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறேன்.

எனக்கு நேர்ந்த மிகப் பெரிய பிழை பணம் சம்பந்தப்பட்டது. பழைய நிறுவனம் எனக்குத் தர வேண்டிய நிலுவைத் தொகையில் ஒரு பகுதியைத் தராமல் இழுத்தடித்தது. ‘உடைமை நம் வசமல்ல’ என்று நான் அமைதியாக விட்டுவிட்டேன், மேன்மையாகவும் உணர்ந்தேன். என்னோடு வெளியேற்றப்பட்ட தோழி ஒருவர் ஆவணங்களைத் திரட்டி, முறைப்படி புகார் கொடுத்து, ஏழு மாதத்தில் தமக்குரியதை வாங்கிவிட்டார். நான் புகார் கொடுக்க முனைந்தபோது காலக்கெடு முடிந்திருந்தது. உண்மையில் எனக்கிருந்தது பற்றின்மை அல்ல, சண்டை போடத் தயக்கம்; அந்தத் தயக்கத்துக்குத் தத்துவத்தின் சட்டையை மாட்டிவிட்டிருந்தேன். அறிவு, துணிவு, நீதி, தன்னடக்கம் என்ற நான்கு நற்பண்புகளை ஸ்டோயிக்குகள் வகுத்தார்கள். அதில் நீதியையும் துணிவையும் நான் வசதியாக மறந்திருந்தேன். மார்கஸ் ஆரேலியஸ் 161 முதல் 180 வரை ஆண்டபோது கொள்ளைநோயும் எல்லைப் போரும் அவரை விடவில்லை. நம் வசத்தில் இல்லை என்று அவர் கூடாரத்தில் படுத்துவிடவில்லை.

இதற்குச் சரியான உவமை, ரோமானிய எழுத்தாளர் சிசரோ எடுத்துச்சொல்லும் வில்லாளி. குறி பார்ப்பது, நாணை இழுப்பது, தக்க கணத்தில் விடுவது எல்லாம் அவன் வேலை. விட்டபின் காற்றடித்து அம்பு விலகலாம். தன்னால் ஆனதெல்லாம் செய்துமுடிப்பதே அவன் இலக்கு. குறியில் தைப்பது அவன் விரும்பித் தேர்ந்தெடுக்கத்தக்கது, ஆனால் அவன் மதிப்பு அதில் தொங்கவில்லை. நான் அம்பையே தொடாமல், காற்று என் வசமில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றவன்.

தூக்கமின்மை மட்டும் எந்த நூலுக்கும் கட்டுப்படவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போவது தோல்வி என்று கொஞ்ச காலம் தள்ளிப்போட்டேன். தத்துவப் பள்ளி ஒரு வைத்தியசாலை, அங்கிருந்து வெளியே வரும்போது இன்பம் அல்ல, வலிதான் இருக்கும் என்று எபிக்டீடஸே சொல்லியிருக்கும்போது, உண்மையான வைத்தியசாலைக்குப் போக என்ன வெட்கம் என்று பிறகு போனேன். அங்கே எனக்குத் தந்த, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைத் தாளில், நடந்தது ஒரு கட்டத்தில், நான் நினைத்தது ஒரு கட்டத்தில் என்று பிரித்திருந்தது. என் நோட்டேதான்! பிறகு தெரிந்தது, இது தற்செயல் அல்ல. 1950-களில் தம் சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் எபிக்டீடஸிடம் கடன்பட்டதை வெளிப்படையாகச் சொன்னவர். அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் தம் சிகிச்சையின் தத்துவ வேரை ஸ்டோயிக்குகளிடம் காட்டினார். ஆனால் சிகிச்சையாளர் எதிரே உட்கார்ந்து, நான் எழுதாமல் விட்டதைக் கேட்டார். அந்த வேலையை நோட்டு செய்யாது.

தங்கையிடம் நான் பேசியது இதற்கெல்லாம் பிறகுதான். அப்பா இறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அன்று நான் சொன்னது தவறு என்றேன். கப்பல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். “அண்ணா, கதை எல்லாம் அப்புறம்” என்று கையை நீட்டிக் கூட்டை வாங்கிக்கொண்டாள். டேப் சுற்றிய காம்பை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். வில்லையின் மூலையில் இருந்த ரேகையை நான் துடைக்கவில்லை; அவளும் துடைக்கவில்லை. கண்ணாடியை ஒருமுறை போட்டுப் பார்த்தவள், “ஒண்ணுமே தெரியலை” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் படிவம் எதையும் தேடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.